சைட்டோகைன்கள் செல் ஏற்பிகளில் பிணைவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைட்டோகைன் என்பது எது? அதற்கு ஏற்பி ஏன் தேவைப்படுகிறது?

நோய் எதிர்ப்பு மண்டலத்தின் செல்களும் வேறு பல திசுக்களின் செல்களும் தமக்குள் செய்தி அனுப்புவதற்காகச் சுரக்கும் சிறு புரதங்களைச் சைட்டோகைன்கள் என்கிறோம். இன்டர்லியூக்கின்கள், இன்டர்ஃபெரான்கள், டி.என்.எஃப். எனப்படும் கட்டி நசிவுக் காரணி, செல்களை இடம்பெயரத் தூண்டும் கீமோகைன்கள் ஆகியவை இக்கூட்டத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் இன்டர்ஃபெரானை 1957-இல் லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் அலிக் ஐசக்ஸும் ழான் லிண்டன்மன்னும் அடையாளம் கண்டனர். வெப்பத்தால் செயலிழக்கச் செய்த இன்ஃப்ளூயன்சா வைரஸோடு கோழிக்கருவின் சவ்வுத் துண்டுகளை வைத்திருந்தபோது, அத்துண்டுகள் வெளிவிட்ட ஏதோ ஒரு பொருள் மற்றச் செல்களையும் வைரஸிடமிருந்து காத்தது. அந்தப் பொருள் எதன்மீது போய்ச் சேர்ந்து அவ்வேலையைச் செய்கிறது என்னும் கேள்விக்கு விடை கிடைக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின.

ஸ்டீராய்டு ஹார்மோன்கள் கொழுப்பில் கரைவதால் செல் சவ்வை ஊடுருவி உள்ளே செல்லும். சைட்டோகைன்கள் நீரில் கரையும் புரதங்கள் ஆகையால் அவற்றால் அது இயலாது. எனவே சவ்வைத் துளைத்து நிற்கும் வேறொரு புரதம், வெளிப்புறத்தில் சைட்டோகைனைப் பற்றிக்கொண்டு உட்புறத்தில் ஒரு மாற்றத்தை உண்டாக்க வேண்டியிருக்கிறது. அப்புரதமே ஏற்பி.

பள்ளியில் படித்த பூட்டும் சாவியும் என்ற விளக்கம் இங்கே பொருந்துமா?

பாதிதான் பொருந்தும். வடிவம் பொருந்தினால்தான் பிணைப்பு ஏற்படும் என்பது சரி. ஆனால் பூட்டு ஒரே பொருள், சாவி நுழைந்ததும் திறந்துகொள்வது. சைட்டோகைன் ஏற்பிகளில் பெரும்பாலானவை ஒற்றைப் புரதங்கள் அல்ல, சவ்வில் தனித்தனியே மிதந்துகொண்டிருக்கும் இரண்டு அல்லது மூன்று சங்கிலிகள். சைட்டோகைன் ஒரு சங்கிலியில் மட்டும் ஒட்டினால் பொதுவாக எதுவும் நிகழ்வதில்லை. தன் உடலின் வெவ்வேறு முகங்களால் இரண்டு சங்கிலிகளைப் பற்றி, அவற்றை ஒன்றன் அருகில் ஒன்றாகக் கொண்டுவந்து நிறுத்தும்போதுதான் செல்லுக்குள் சமிக்ஞை தொடங்குகிறது. இத்துறையில் நுழைபவர்கள் எவ்வளவு இறுக்கமாகப் பிணைகிறது என்ற எண்ணையே முதலில் தேடுகிறார்கள். எதை எதனோடு சேர்க்கிறது என்பதை முதலில் கேட்பதே பயனுள்ளது என்பது என் கருத்து. கீழே உள்ள விடைகள் பெரும்பாலும் அதைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

பிணைப்பின் வலிமையை எப்படி அளக்கிறார்கள்? நேனோமோலார், பிகோமோலார் என்பவை எதைக் குறிக்கின்றன?

ஏற்பிகளில் சரிபாதி நிரம்புவதற்குத் தேவைப்படும் சைட்டோகைனின் செறிவைப் பிரிகை மாறிலி என்பர். அந்த எண் குறையக் குறையப் பிணைப்பு வலியது. ஒரு லிட்டரில் ஒரு மோல் பொருள் இருக்கும் செறிவு மோலார். நேனோமோலார் அதில் நூறு கோடியில் ஒரு பங்கு, பிகோமோலார் அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு. 10 நேனோமோலாரில் பாதி நிரம்பும் ஏற்பியைவிட 10 பிகோமோலாரில் பாதி நிரம்பும் ஏற்பி ஆயிரம் மடங்கு வலிமையாகப் பிணைகிறது. உடலில் சைட்டோகைன்கள் மிகச் சிறிய அளவில் மட்டுமே சுரப்பதால் இந்த ஆயிரம் மடங்கு வேறுபாடு ஒரு செல் செய்தியைக் கேட்கிறதா, கேட்காமலே விடுகிறதா என்பதை முடிவு செய்கிறது.

தொடக்கக் காலத்தில் கதிரியக்கம் ஏற்றிய சைட்டோகைனைச் செல்களோடு கலந்து, எவ்வளவு ஒட்டியது என்று எண்ணினார்கள். இன்டர்லியூக்கின்-2-க்கு ஏற்பி உண்டு என்பதை 1981-இல் கெண்டல் ஸ்மித்தின் குழு இவ்வாறுதான் எண்களோடு நிறுவியது. இன்று ஆய்வகங்களில் பரவலாக இருப்பது மேற்பரப்புப் பிளாஸ்மான் ஒத்ததிர்வுக் கருவி. மெல்லிய தங்கப் படலத்தின்மேல் ஏற்பியைப் பதித்து, அதன்மீது சைட்டோகைன் கரைசலை ஓடவிடுவார்கள். மூலக்கூறுகள் ஒட்ட ஒட்டப் படலத்தின்மீதுள்ள நிறை கூடி, அதிலிருந்து திரும்பும் ஒளியின் கோணம் நகரும். திரையில் ஒரு வளைகோடு ஏறும். பிறகு வெறும் கரைசலை ஓடவிட்டால், ஒட்டியவை கழன்று செல்லச் செல்லக் கோடு இறங்கும். ஏறும் வேகம் ஒன்று, இறங்கும் வேகம் மற்றொன்று. பிரிகை மாறிலி இவ்விரண்டின் விகிதமே. ஒரே பிரிகை மாறிலி கொண்ட இரண்டு பிணைப்புகளில் ஒன்று நொடியில் ஒட்டி நொடியில் கழலலாம், மற்றொன்று மெல்ல ஒட்டி மணிக்கணக்கில் நிற்கலாம். ஆகவே விகிதத்தை மட்டும் அட்டவணையில் கொடுத்துவிட்டு இரு வேகங்களையும் விட்டுவிடும் கட்டுரைகள் பாதித் தகவலைத்தான் தருகின்றன.

இரு புரதங்களும் தொடும் இடத்தில் எல்லா அமினோ அமிலங்களும் சமமாகப் பங்கேற்கின்றனவா?

இல்லை. இந்தக் குடும்பத்தைப் பற்றிய அடிப்படை அறிவு, வியப்பூட்டும் வகையில், நோய் எதிர்ப்போடு நேரடித் தொடர்பில்லாத வளர்ச்சி ஹார்மோனிலிருந்தே கிடைத்தது. அதன் ஏற்பி, பல இன்டர்லியூக்கின் ஏற்பிகளோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு ஹார்மோன் மூலக்கூறு இரண்டு ஏற்பிகளைப் பற்றியிருப்பதைக் காட்டும் படிக அமைப்பு (புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ் கதிரால் கண்டறிந்த வடிவம்) 1992-இல் வெளிவந்தது. அதே ஆய்வுக் களத்தில் டிம் கிளாக்சனும் ஜேம்ஸ் வெல்ஸும் தொடு பரப்பில் இருந்த அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக அலனின் என்னும் சிறிய அமினோ அமிலமாக மாற்றி, ஒவ்வொரு முறையும் பிணைப்பு எவ்வளவு தளர்கிறது என்று அளந்து 1995-இல் வெளியிட்டனர். தொட்டுக்கொண்டிருந்தவற்றில் பெரும்பாலானவற்றை மாற்றியும் ஒன்றும் ஆகவில்லை. ஏற்பியின் 104-ஆம் இடத்திலும் 169-ஆம் இடத்திலும் உள்ள இரண்டு டிரிப்டோஃபேன்களில் எதை மாற்றினாலும் பிணைப்பு ஏறக்குறையக் குலைந்தது. பிணைப்பு ஆற்றலின் பெரும்பங்கு நடுவில் உள்ள சில நீர்வெறுக்கும் அமினோ அமிலங்களில் குவிந்திருக்கிறது. சுற்றிலும் உள்ளவை நீரை விலக்கவும், தவறான புரதங்களைத் தள்ளிவிடவும் உதவுகின்றன.

இன்டர்லியூக்கின்-2-இல் இதற்கு நிகரான இடம் 42-ஆம் ஃபீனைல் அலனின். அதன் வளையம் ஆல்ஃபா ஏற்பிச் சங்கிலியின் பரப்போடு நெருங்கிப் பொருந்துகிறது. அந்த ஓர் அமினோ அமிலத்தை மாற்றினால் ஆல்ஃபாச் சங்கிலியோடு உள்ள பிணைப்பு பெரிதும் குறைகிறது, மற்ற இரண்டு சங்கிலிகளோடு உள்ள பிணைப்போ பெரிய மாற்றமின்றி இருக்கிறது. மருந்து வடிவமைப்பாளர்கள் பின்னாளில் இந்த இடத்தைத் திரும்பத் திரும்பத் தேடி வந்ததற்குக் காரணம் இதுதான்.

இன்டர்லியூக்கின்-2-க்கு மூன்று ஏற்பிச் சங்கிலிகள் எதற்கு?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும், ஏனெனில் ஏனைய சைட்டோகைன்களைப் புரிந்துகொள்ளவும் இதுவே வழி.

இன்டர்லியூக்கின்-2 என்பது 133 அமினோ அமிலங்களால் ஆன, நான்கு சுருள்கள் ஒரு கட்டாக அமைந்த புரதம். நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்கள் பெருகுவதற்கான காரணியாக இது 1976-இல் அறியப்பட்டது. இதன் ஏற்பியில் ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று சங்கிலிகள் உண்டு. ஆல்ஃபா மட்டும் இருந்தால் பிரிகை மாறிலி ஏறத்தாழ 10 நேனோமோலார். பீட்டாவும் காமாவும் சேர்ந்திருந்தால் ஏறத்தாழ 1 நேனோமோலார். மூன்றும் சேர்ந்தால் ஏறத்தாழ 10 பிகோமோலார். ஆல்ஃபாச் சங்கிலிக்குச் செல்லுக்குள் நீளும் பகுதி மிகவும் குட்டை, 13 அமினோ அமிலங்கள்தான். அதனால் சமிக்ஞை எதையும் அனுப்ப முடியாது. சமிக்ஞை அனுப்புபவை பீட்டாவும் காமாவும் மட்டுமே. அப்படியானால் சமிக்ஞையில் பங்கில்லாத ஆல்ஃபா எப்படி வலிமையை உயர்த்துகிறது?

கெண்டல் ஸ்மித்தின் குழு 1987-இல் வேகங்களைப் பிரித்து அளந்தபோது விடை தெரிந்தது. ஆல்ஃபாச் சங்கிலியில் இன்டர்லியூக்கின்-2 மிக விரைவாக ஒட்டுகிறது, ஏறத்தாழ 1.7 நொடியில் பாதி கழன்றும் விடுகிறது. பீட்டாவை உள்ளடக்கிய, நடுத்தர வலிமை கொண்ட ஏற்பியில் மெதுவாக ஒட்டுகிறது, ஆனால் பாதி கழல்வதற்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. மூன்றும் சேர்ந்த ஏற்பியோ, ஒட்டும் வேகத்தை ஆல்ஃபாவிடமிருந்தும் விடாமல் பிடிக்கும் தன்மையை மற்றவற்றிடமிருந்தும் பெற்றுக்கொள்கிறது. கடந்து செல்லும் சைட்டோகைனை ஆல்ஃபா பிடித்துச் சவ்வின் அருகிலேயே நிறுத்துகிறது. அங்கே பீட்டா அதைப் பற்றுகிறது. இவ்விரண்டும் சேர்ந்து அமைத்த பரப்பில் கடைசியாகக் காமா வந்து சேர்கிறது. காமா தனியாக இன்டர்லியூக்கின்-2-ஐ ஏறக்குறையப் பிடிப்பதே இல்லை.

கிறிஸ்டோஃபர் கார்சியாவின் குழு 2005-இல் வெளியிட்ட நான்கு புரதங்களின் கூட்டமைப்பு இந்த வரிசையோடு ஒத்துப்போகிறது. அதில் ஆல்ஃபா ஒரு பக்கம் தனித்து நின்று சைட்டோகைனை மட்டும் தொடுகிறது, பீட்டாவையோ காமாவையோ தொடவில்லை. பீட்டாவும் காமாவும் மறுபக்கம் இரு கால்களாக வளைந்து சவ்வை நோக்கி நெருங்குகின்றன.

இனி இது உடலுக்கு எதற்கு என்று பார்க்கலாம். தூண்டப்படாத பெரும்பாலான டி செல்களிலும் இயற்கைக் கொல்லி செல்களிலும் ஆல்ஃபா மிகக் குறைவு. நோய் எதிர்ப்பை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களில் மட்டும் அது எப்போதும் மிகுதியாக இருக்கிறது. எனவே இன்டர்லியூக்கின்-2 துளியளவு இருக்கும் அமைதிக் காலத்தில் அதைக் கேட்பவை ஒழுங்குபடுத்தும் செல்கள். தொற்றின்போது அளவு பெருகினால்தான் மற்றவை கேட்கின்றன. இந்த ஒழுங்குபடுத்தும் செல்களை ஷிமோன் சகாகுச்சி 1995-இல் பிரித்தறியப் பயன்படுத்திய அடையாளமே சி.டி.25 என்றும் அழைக்கப்படும் இந்த ஆல்ஃபாச் சங்கிலிதான். அத்துறைப் பணிக்காக அவருக்கும் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஒரே ஏற்பிச் சங்கிலியைப் பல சைட்டோகைன்கள் பகிர்ந்துகொள்ளுமா?

ஆம். மேலே சொன்ன காமாச் சங்கிலியை இன்டர்லியூக்கின் 2, 4, 7, 9, 15, 21 ஆகிய ஆறும் பயன்படுத்துகின்றன. அதனாலேயே அதற்குப் பொதுக் காமா என்று பெயர். எக்ஸ் குரோமோசோமில் உள்ள அதன் மரபணு பழுதானால் ஆறு செய்திகளும் ஒரே நேரத்தில் நின்றுபோய், பிறக்கும் ஆண் குழந்தைக்கு டி செல்களும் இயற்கைக் கொல்லி செல்களும் உருவாகாமல் போகின்றன. கடுமையான ஒருங்கிணைந்த நோய் எதிர்ப்புக் குறைபாடு எனப்படும் நோயின் எக்ஸ் சார்ந்த வகைக்கு இதுவே காரணம் என்று 1993-இல் தெரியவந்தது. இன்டர்லியூக்கின்-2 மட்டும் இல்லாத எலிகளில் டி செல்கள் உருவாகத்தான் செய்கின்றன என்பதால், குழந்தைகளிடம் காணும் பேரிழப்பை ஒரு சைட்டோகைனைக் கொண்டு விளக்க முடியாது என்ற குழப்பம் அதுவரை இருந்தது. பகிர்வு தெரிந்ததும் அக்குழப்பம் தீர்ந்தது.

இன்டர்லியூக்கின்-6 தன் ஏற்பி இல்லாத செல்களிலும் வேலை செய்கிறது என்கிறார்களே, எப்படி?

இன்டர்லியூக்கின்-6-க்கு இரண்டு துணை தேவை: அதற்கே உரிய ஆல்ஃபா ஏற்பி, ஜி.பி.130 என்னும் சமிக்ஞைச் சங்கிலி. ஜி.பி.130 உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் உண்டு. ஆல்ஃபா ஏற்பியோ கல்லீரல் செல்களிலும் சில வெள்ளணுக்களிலும் மட்டுமே இருக்கிறது. இன்டர்லியூக்கின்-6 நேரடியாக ஜி.பி.130-ஐப் பற்றுவதில்லை. முதலில் ஆல்ஃபாவோடு சேர்ந்து, பிறகு அந்தக் கூட்டாக ஜி.பி.130-ஐ நாடுகிறது. 2003-இல் வெளியான படிக அமைப்பில் இவை மூன்றும் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஆறு புரதங்களின் கூட்டமாக நிற்கின்றன. ஒவ்வோர் இன்டர்லியூக்கின்-6-உம் தன் மூன்று முகங்களில் ஒன்றால் ஆல்ஃபாவையும், மற்ற இரண்டால் எதிரெதிரே நிற்கும் இரண்டு ஜி.பி.130-களையும் தொடுகிறது.

இதில் ஒரு திருப்பம் உண்டு. ஆல்ஃபா ஏற்பியின் வெளிப்பகுதியை அடம்17 என்னும் நொதி வெட்டிவிட, அது இரத்தத்தில் தனியே மிதக்கிறது. மிதக்கும் அந்த ஏற்பியும் இன்டர்லியூக்கின்-6-ஐப் பிடித்துக்கொள்ளும். அக்கூட்டு, ஆல்ஃபாவே இல்லாத வேறு செல்லின் ஜி.பி.130-இலும் போய்ச் சேரும். கரைந்த ஏற்பி என்றாலே தடுப்பான் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. கபோசி சார்கோமா என்னும் புற்றை உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ் இன்னும் சுருக்கமான வழியைக் கண்டுபிடித்திருக்கிறது. அது தயாரிக்கும் இன்டர்லியூக்கின்-6 போன்ற புரதம் ஆல்ஃபாவின் உதவியே இல்லாமல் ஜி.பி.130-ஐ நேரடியாகப் பற்றுகிறது.

வெளியே நிகழ்ந்த பிணைப்பு உள்ளே எப்படித் தெரிகிறது?

இன்டர்லியூக்கின்-2, இன்டர்லியூக்கின்-6, இன்டர்ஃபெரான் ஆகியவற்றின் ஏற்பிகளுக்குத் தமக்கென நொதித் திறன் கிடையாது. அவற்றின் உட்பகுதியில் ஜேக் எனப்படும் நொதிகள் எப்போதும் ஒட்டியிருக்கின்றன. மனிதரில் இவை நான்கு. இன்டர்லியூக்கின்-2 ஏற்பியின் பீட்டாவில் ஜேக்1-உம் காமாவில் ஜேக்3-உம் இருக்கின்றன. சங்கிலிகள் நெருங்கும்போது ஜேக்குகள் ஒன்றையொன்று செயலூக்கி, பின் ஏற்பியின் டைரோசின்களில் பாஸ்பேட் ஏற்றுகின்றன. அந்தப் பாஸ்பேட்டை அடையாளம் கண்டு ஸ்டாட் புரதங்கள் வந்து ஒட்டி, தாமும் பாஸ்பேட் ஏற்றப்பட்டு, இரண்டிரண்டாகச் சேர்ந்து உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்குகின்றன. ஜேக்3 பழுதானாலும் பொதுக் காமா பழுதானது போன்ற நோயே வருகிறது என்பது, இப்பாதையில் ஒன்றுக்கு மற்றொன்று எவ்வளவு இன்றியமையாதது என்பதைக் காட்டுகிறது.

சங்கிலிகள் சேர்ந்தால் மட்டும் போதுமா என்றால், சேரும் கோணமும் இடைவெளியும் கூடக் கணக்கில் வருகின்றன. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் என்னும் ஹார்மோனின் ஏற்பியை வெவ்வேறு கோணங்களில் இணைக்கும் செயற்கைப் புரதங்களை உருவாக்கி 2015-இல் செய்த ஆய்வில், சமிக்ஞையின் வலிமை கோணத்துக்கேற்பக் கூடிக் குறைந்தது.

எல்லாச் சைட்டோகைன்களும் இந்த முறையில்தான் பிணைகின்றனவா?

இல்லை. டி.என்.எஃப். மூன்று ஒரேவிதத் துணையலகுகள் கூடிய மூவுரு. அதில் அடுத்தடுத்த இரண்டு துணையலகுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் ஓர் ஏற்பி நீளவாக்கில் பொருந்துகிறது. பள்ளங்கள் மூன்று ஆகையால் ஏற்பிகளும் மூன்று. இதன் நெருங்கிய உறவான லிம்ஃபோடாக்சின் முதல்வகை டி.என்.எஃப். ஏற்பியோடு இருக்கும் அமைப்பு 1993-இல் வெளியாகி இதை முதன்முதலில் காட்டியது. இங்கே ஜேக் இல்லை. ஏற்பிகளின் உட்பகுதிகள் கூடும் இடத்தில் வேறு இணைப்புப் புரதங்கள் சேர்கின்றன.

கீமோகைன்கள் இன்னொரு வகை. அவற்றின் ஏற்பி சவ்வை ஏழு முறை ஊடுருவும் ஒற்றைச் சங்கிலி. கீமோகைனின் உருண்ட உடல் ஏற்பியின் வெளிமுனையைப் பற்ற, அதன் வளையும் தொடக்க முனை ஏற்பியின் நடுக்குழிக்குள் இறங்குகிறது. முதற் செயல் பிணைப்பு, இரண்டாம் செயல் இயக்கம் என்று பொதுவாகப் பிரித்துச் சொல்வார்கள். ரான்டெஸ் என்னும் கீமோகைனின் தொடக்கத்தில் ஒரே ஒரு மெத்தியோனினைக் கூடுதலாகச் சேர்த்தபோது அது ஏற்பியில் ஒட்டியது, இயக்கவில்லை. அதாவது தூண்டியாக இருந்தது தடுப்பானாக மாறியது. ரான்டெஸ் பிணையும் ஏற்பிகளில் ஒன்றான சி.சி.ஆர்.5-ஐத்தான் எச்.ஐ.வி.யும் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்துகிறது.

ஏற்பியில் ஒட்டிக்கொண்டும் வேலை செய்யாத இயற்கைப் புரதங்கள் உண்டா?

உண்டு. இன்டர்லியூக்கின்-1 தன் முதல் ஏற்பியில் ஒட்டியபின் துணைப் புரதம் ஒன்று வந்து சேர்ந்தால்தான் சமிக்ஞை பிறக்கும். நம் உடலே சுரக்கும் இன்டர்லியூக்கின்-1 ஏற்பி எதிர்ப்பான் அதே ஏற்பியில் நன்றாகவே ஒட்டுகிறது, ஆனால் துணைப் புரதத்தை வரவழைக்கும் பரப்பு அதனிடம் இல்லை. இப்புரதத்தின் மருந்து வடிவமான அனாகின்ரா 2001-இல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி பெற்றது. இன்டர்லியூக்கின்-1-இன் இரண்டாவது ஏற்பியோ சைட்டோகைனைப் பிடித்துவைத்துக்கொண்டு எதையும் உள்ளே தெரிவிக்காத பொய் ஏற்பி.

பல இன்டர்ஃபெரான்களுக்கு ஒரே ஏற்பி என்றால் விளைவு எப்படி வேறுபடுகிறது?

முதல்வகை இன்டர்ஃபெரான்கள் அனைத்தும் ஐஃப்னார்1, ஐஃப்னார்2 என்னும் ஒரே இணையைப் பற்றுகின்றன. இரண்டாவதோடு பிணைப்பு நேனோமோலார் அளவில் வலியது. முதலாவதோடு பொதுவாக மைக்ரோமோலார் (நேனோமோலாரைப் போல் ஆயிரம் மடங்கு) அளவில் மெலியது. இன்டர்ஃபெரான் பீட்டா இந்த மெலிந்த பக்கத்தையும் ஆல்ஃபாக்களைவிட நன்கு பிடிக்கிறது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் கிடியன் ஷ்ரைபரின் குழு இன்டர்ஃபெரான் ஆல்ஃபா2-இல் மூன்றே அமினோ அமிலங்களை மாற்றி, ஐஃப்னார்1-உடனான பிணைப்பைப் பல பத்து மடங்கு உயர்த்தியது. செல் பெருக்கத்தைத் தடுக்கும் திறன் பெரிதும் கூடியது. வைரஸை எதிர்க்கும் திறன் அவ்வளவாக மாறவில்லை. வைரஸ் எதிர்ப்புக்குக் குறைந்த நேரச் சமிக்ஞையே போதும், பெருக்கத்தைத் தடுக்க நீடித்த சமிக்ஞை வேண்டும் என்று இதை விளக்குகிறார்கள்.

பிணைப்பே நடக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கோவிட் ஒரு சான்று தந்தது. 2020-இல் ஆராய்ந்த, உயிருக்கு ஆபத்தான கோவிட் நிமோனியா நோயாளிகள் 987 பேரில் 101 பேரின் இரத்தத்தில் முதல்வகை இன்டர்ஃபெரான்களை முடக்கும் சுய ஆன்டிபாடிகள் இருந்தன.

சமிக்ஞை கொடுத்து முடித்த ஏற்பி என்ன ஆகிறது?

செல் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இன்டர்லியூக்கின்-2 விஷயத்தில் பீட்டாவும் காமாவும் செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் சிதைக்கப்பட, ஆல்ஃபா மட்டும் மீண்டும் மேற்பரப்புக்கு வருகிறது. சைட்டோகைனை இரத்தத்திலிருந்து அகற்றும் வழிகளில் இதுவும் ஒன்று.

பிணைப்பைத் தடுக்கும் மருந்துகள் எவை? அவற்றுக்கு முன் காசநோய்ச் சோதனை ஏன்?

தடுப்பதற்கு மூன்று இடங்கள் உள்ளன. சைட்டோகைனைப் பிடிக்கலாம்: டி.என்.எஃப்.ஐப் பிடிக்கும் இன்ஃபிளிக்சிமாப், அடாலிமுமாப் ஆகியவை அப்படி. எட்டனர்செப்ட் என்பது டி.என்.எஃப். ஏற்பியின் வெளிப்பகுதியையே ஆன்டிபாடியின் வால்பகுதியோடு ஒட்டிய மருந்து. ஏற்பியை மறைக்கலாம்: இன்டர்லியூக்கின்-6-இன் ஆல்ஃபா ஏற்பியை மறைக்கும் டோசிலிசுமாப், இன்டர்லியூக்கின்-4-இன் ஆல்ஃபா ஏற்பியை மறைத்து அதன்வழி இன்டர்லியூக்கின்-13-ஐயும் தடுக்கும் டுபிலுமாப் ஆகியவை அவ்வகை. அல்லது உள்ளேயுள்ள ஜேக்கைத் தடுக்கலாம்: டோஃபாசிடினிப் மாத்திரை அதைச் செய்கிறது. முதல் இரண்டும் பெரிய புரதங்கள் ஆதலால் ஊசியாகவே தர இயலும். அகன்று தட்டையாக இருக்கும் புரதத் தொடுபரப்பைச் சிறு மூலக்கூறால் மறைப்பது கடினம் என்பதால், மாத்திரைகள் பெரும்பாலும் ஜேக்கின் ஆழமான குழியை நாடுகின்றன.

காசநோய்க் கிருமியை உள்ளடக்கி நிற்கும் செல் முடிச்சுகள் கலையாமல் இருக்க டி.என்.எஃப். தேவை. அதைத் தடுத்தால் உறங்கும் கிருமி விழித்துக்கொள்ளலாம். இன்ஃபிளிக்சிமாப் எடுத்தவர்களிடம் இது நிகழ்ந்ததை 2001-இல் வெளியான 70 நோயாளிகளின் தொகுப்பு எச்சரித்தது. காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் இந்த எச்சரிக்கைக்குக் கூடுதல் எடை உண்டு. அடாலிமுமாபின் ஒத்த உயிரி மருந்து (மூல மருந்தைப் போலவே வேறு நிறுவனம் தயாரிப்பது) உலகிலேயே முதன்முதலாக 2014 டிசம்பரில் இந்தியாவில்தான் விற்பனைக்கு வந்தது. விலை குறைந்து பயனாளர்கள் பெருகும்போது மார்பு எக்ஸ்ரேயையும் காசநோய்க்கான மான்டூ தோல் சோதனையையோ இன்டர்ஃபெரான் காமா இரத்தச் சோதனையையோ வெறும் சடங்காகக் கருதிவிடக் கூடாது.

சைட்டோகைனையே மருந்தாகக் கொடுக்க முடியாதா?

கொடுத்திருக்கிறார்கள். அதிக அளவு இன்டர்லியூக்கின்-2, பரவிய சிறுநீரகப் புற்றுக்கு 1992-இலும் மெலனோமா என்னும் தோல் புற்று பரவிய நிலைக்கு 1998-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு சிறு பகுதி நோயாளிகளுக்கு நீண்டகாலப் பலன் கிடைத்தது. ஆனால் இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் சரியும் பக்கவிளைவு கடுமையானது. அத்துடன், புற்றைத் தாக்கும் செல்களுக்கு முன்பாக ஒழுங்குபடுத்தும் செல்களே மருந்தைக் கைப்பற்றிவிடுகின்றன. ஆகவே ஆல்ஃபாவைத் தொடாத வடிவங்களை உருவாக்கப் பலர் முனைந்தனர். டேவிட் பேக்கரின் குழு 2019-இல் கணினியில் புதிதாகவே வரைந்த ஒரு புரதம் பீட்டா, காமா இரண்டையும் மட்டும் பற்றியது. ஆனால் ஆய்வகத்தில் அழகாகத் தெரியும் பிணைப்பு மருத்துவமனையில் பலன் தரும் என்பதற்கு உறுதியில்லை. ஆல்ஃபாவைத் தவிர்க்குமாறு வடிவமைத்த பெம்பெகால்டெஸ்லூக்கின், மெலனோமா மூன்றாம் கட்டச் சோதனையில் 2022-இல் தோல்வியுற்றது. எதிர்த் திசையில் போனவர்களும் உண்டு: குறைந்த அளவு இன்டர்லியூக்கின்-2 தந்து ஒழுங்குபடுத்தும் செல்களை மட்டும் வளர்க்கும் முயற்சிகள் 2011 முதல் வெளிவருகின்றன.

இரத்தப் பரிசோதனையில் காணும் இன்டர்லியூக்கின்-6 அளவு, பிணைப்பு எவ்வளவு நடக்கிறது என்பதைக் காட்டுமா?

காட்டாது. அது மிதக்கும் சைட்டோகைனின் அளவு மட்டுமே. எத்தனை ஏற்பிகள் உள்ளன, அவற்றில் எத்தனை நிரம்பியுள்ளன என்பதை அது சொல்வதில்லை. டோசிலிசுமாப் எடுத்தவரின் அறிக்கையில் இது தெளிவாகத் தெரியும். மருந்து ஏற்பியை மறைத்துவிடுவதால், ஏற்பியோடு சேர்ந்து செல்லுக்குள் போய் அழிய வேண்டிய இன்டர்லியூக்கின்-6 இரத்தத்திலேயே தங்கி, அதன் அளவு முன்பைவிட உயர்கிறது. அதைக் கண்டு நோய் முற்றிவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. அதே நேரத்தில், கல்லீரல் இன்டர்லியூக்கின்-6-இன் சமிக்ஞையால் தயாரிக்கும் சி.ஆர்.பி. என்னும் புரதம் சரிந்துவிடும். சமிக்ஞை தடைப்பட்டிருக்கும் அந்த வாரங்களில் ஒரு பாக்டீரியத் தொற்று வந்தாலும் சி.ஆர்.பி. பெரிதாக ஏறாமல் இருக்கக்கூடும். எனவே இம்மருந்து எடுப்பவர், காய்ச்சலோ இருமலோ வந்து வேறொரு மருத்துவரிடம் போகும்போது, ஊசி போட்டுக்கொண்ட தேதியை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.